மழை ஓய்ந்த வாரம் கடலில் இறங்கினேன், இப்போது கல்ச்சர் ரிப்போர்ட்டில் பாதி மருந்துக்கு ‘ஆர்’

அலைப்பித்தன்:

இங்கே லேப்பிலும் மருத்துவத்திலும் வேலை பார்க்கிறவர்கள் நிறைய பேர் எழுதுகிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் இரண்டரை வருடமாக சர்ஃபிங் பழகுகிறேன். பெரிய ஆள் எல்லாம் இல்லை, சனி ஞாயிறு போகிற ஐ.டி. கூட்டத்தில் ஒருவன். போன நவம்பரில் நாலு நாள் மழை கொட்டித் தீர்த்து ஓய்ந்த பிறகு வந்த சனிக்கிழமை இறங்கினேன். தண்ணீர் பால் குறைந்த டீ மாதிரி இருந்தது. ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக மிதந்து வந்தது, கூடவே ஒரு ஒற்றைச் செருப்பும். எனக்குக் கற்றுக்கொடுக்கிற குப்பத்துப் பையன் "வேணாம்ணா, முகத்துவாரம் ஒடைச்சிருக்கு, ரெண்டு நாள் போகட்டும்" என்றான். அலை அருமையாக இருந்தது, நான் கேட்கவில்லை.

மூன்றாவது அலையில் விழுந்தேன். போர்டுக்கு அடியில் இருக்கிற ஃபின் இடது முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது, கட்டைவிரல் நீளத்துக்கு வெட்டு. உப்புத் தண்ணீர் புண்ணுக்கு நல்லது என்று பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான், அதனால் கடல் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் உள்ளேயே இருந்தேன்.

நாலாம் நாள் வீங்கிச் சீழ் கட்டியது. தெருமுனை கிளினிக்கில் ஐந்து நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள், முடித்தும் வீக்கம் இறங்கவில்லை. அப்புறம் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனேன், கீறிச் சீழை எடுத்து அதில் கொஞ்சத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு, அனுப்பினார்கள். மூன்றாவது நாள் ரிப்போர்ட்: ஈ.கோலை என்ற பாக்டீரியா, ஈஎஸ்பிஎல் பாசிட்டிவ். கீழே ஒரு பட்டியல், பதினாறு மருந்து, பக்கத்தில் எஸ் (மருந்து கேட்கும்) அல்லது ஆர் (கேட்காது). செஃபோடாக்சிம் ஆர், செஃப்ட்ரையாக்சோன் ஆர், சிப்ரோஃப்ளாக்சசின் ஆர், என்று பாதிக்கு மேல் ஆர். அமிகாசின், மெரோபெனம் எஸ். ஊசி போட்டார்கள், இப்போது புண் ஆறிவிட்டது, தழும்பு மட்டும்தான்.

டாக்டர் ஊசி எழுதிக்கொண்டே "கடல்ல எதுக்குங்க இறங்குறீங்க" என்று கேட்டதோடு சரி, அதற்கு மேல் பேச அவருக்கு நேரம் இல்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். இந்தக் கிருமி நிஜமாகவே கடலில் இருந்துதான் வந்ததா? அவ்வளவு உப்பில் ஈ.கோலை எப்படி உயிரோடு இருக்கும்? கடலில் யார் ஆன்டிபயாடிக் கொட்டினார்கள், அங்கே இருக்கிற பாக்டீரியா அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ள? சர்ஃபிங்கை விட்டுவிட வேண்டுமா என்று வீட்டில் தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கிறது.


பெட்ரி தட்டு:

நுண்ணுயிரியல் லேப்பில் பதினோரு வருடமாக இருக்கிறேன். உங்கள் ரிப்போர்ட் மாதிரி வாரத்துக்கு நாற்பது கையெழுத்துப் போடுகிறேன், அதனால் முதலில் அந்த எஸ், ஆர் எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன், மற்றது அதிலேயே புரியும்.

ஒரு வட்டத் தட்டில் அகர் என்ற, பாக்டீரியா வளர்கிற கூழை ஊற்றி, அது உறைந்ததும் உங்கள் சீழில் இருந்து பிரித்த பாக்டீரியாவை மேலே பஞ்சுக்குச்சியால் மெழுகுகிற மாதிரி தடவுவோம். அதன் மேல் மருந்தில் நனைத்துக் காயவைத்த சின்னக் காகித வில்லைகளை வைப்போம், ஸ்டிக்கர் பொட்டு அளவுதான் இருக்கும். இரவு முழுக்க 35 டிகிரிச் சூட்டில் வைத்துவிட்டு மறுநாள் காலை திறந்தால், மருந்து வேலை செய்த வில்லையைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் தெளிவான வட்டம் இருக்கும். வேலை செய்யாத வில்லையின் காலடி வரைக்கும் பாக்டீரியா வெள்ளையாகப் படர்ந்திருக்கும், வில்லை அங்கே இருப்பதே அதற்குத் தெரியாத மாதிரி. வட்டத்தை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்து எஸ், ஆர் போடுகிறோம். ஈஎஸ்பிஎல் என்றால் செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளை வெட்டிப்போடுகிற ஒரு நொதியை அந்த பாக்டீரியா தயாரிக்கிறது. அந்த நொதியை முடக்குகிற கிளாவுலனிக் அமிலத்தையும் சேர்த்து வைத்த வில்லையைச் சுற்றி மட்டும் வட்டம் 5 மில்லிமீட்டராவது கூடுதலாக விரிந்தால் பாசிட்டிவ்.

இப்போது உப்பு. ஈ.கோலைக்குக் கடல் ஊர் கிடையாது. நம் குடலும் மாட்டின் குடலும்தான் அதன் வீடு. கடலில் விழுந்தால் உப்பும் வெயிலும் சேர்ந்து அடித்துக் கொல்லும். நல்ல வெயிலில் தெளிந்த நீரில் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடும். ஆனால் மழைக்காலக் கலங்கல் நீரில் வெயில் உள்ளே இறங்காது, குளிரும் இருக்கும், அப்போது நாள் கணக்கில் தாக்குப்பிடிக்கும். அடி மணலிலும் சேற்றிலும் ஒதுங்கினால் இன்னும் அதிக நாள். நீங்கள் டீ கலர் தண்ணீரில் இறங்கியிருக்கிறீர்கள். அது கடல் தண்ணீர் என்பதை விட முகத்துவாரம் துப்பிய ஊர்த் தண்ணீர் என்று சொல்லலாம்.

யார் ஆன்டிபயாடிக் கொட்டினார்கள் என்று கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. எதிர்ப்பு பெரும்பாலும் கடலில் உருவாவது இல்லை, உருவாகி வந்து சேர்கிறது. நாம் விழுங்குகிற மாத்திரையில் கணிசமான பங்கு மாறாமலே சிறுநீரிலும் மலத்திலும் வெளியே போகிறது, கூடவே அந்த மாத்திரைக்குத் தப்பிப் பிழைத்த குடல் பாக்டீரியாவும் போகிறது. வீடு, மருத்துவமனை, கோழிப்பண்ணை, எல்லாக் கழிவும் சாக்கடையில் சந்திக்கின்றன. சுத்திகரிப்பு நிலையம் பாக்டீரியா எண்ணிக்கையை வெகுவாகக் குறைக்கும், பூஜ்யம் ஆக்காது, அந்த வேலைக்காக அது கட்டப்படவும் இல்லை. அந்த நிலையத்துக்கே போகாமல் மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கோத்துவிட்ட கழிவுநீர் இணைப்புகள் தனிக்கதை. கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் மூன்றும் எதைச் சுமந்து வருகின்றன என்று சென்னைக்காரருக்கு மூக்கே சொல்லும். கோடையில் முகத்துவாரத்தை மணல் திட்டு அடைத்து நிற்கும், மழையில் உடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தேங்கியது மொத்தமும் ஒரே மூச்சில் கடலுக்குள் போகும். உங்கள் குப்பத்துப் பையன் சொன்னது அதைத்தான். அவன் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தத் திரியே இருந்திருக்காது.

இன்னொன்று, வந்த பாக்டீரியா செத்தாலும் கதை முடிவதில்லை. இந்த எதிர்ப்பு மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில் இருக்கின்றன, அதை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடும். பரீட்சை ஹாலில் பிட் கைமாறுவது மாதிரிதான். எழுதினவன் பாதியில் எழுந்து போயிருப்பான், பிட் மூன்று பெஞ்ச் தாண்டிப் போயிருக்கும். வேறு வகுப்புப் பையனுக்கும் போகும், அதாவது ஈ.கோலையிடம் இருந்து கடலையே ஊராகக் கொண்ட வேறு இனத்துக்கும்.

உங்கள் கிருமி கடலில் இருந்து வந்ததா என்பதற்கு மட்டும் ஆம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. காலில் கிழிபட்ட நேரத்தில் கடலில் இருந்து வந்திருக்கலாம், அல்லது உங்கள் குடலிலேயே ஏற்கெனவே இருந்து, கை, துண்டு வழியாகப் புண்ணுக்குப் போயிருக்கலாம். இரண்டையும் மரபணு வரிசைப்படுத்திப் பார்த்து ஒப்பிட்டால் ஒழிய யாரும் சத்தியம் செய்ய முடியாது.


ஊர்க்குருவி:

சும்மா பயமுறுத்தாதீர்கள். நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன், மழையோ வெயிலோ தினமும் கடலில்தான் கிடப்போம், ஒருத்தனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2010ல் இதே மாதிரி ஒரு கிருமிக்கு டெல்லி பெயரை வைத்து வெள்ளைக்காரன் கிளப்பிவிட்டது நினைவிருக்கிறதா? நம் ஊருக்கு ஆபரேஷனுக்கு வருகிற வெளிநாட்டுக் கூட்டத்தைத் தடுக்கத்தான் அது. நாடாளுமன்றத்திலேயே கத்தினார்கள். இப்போது கடலைப் பிடித்துக்கொண்டார்கள்.


ட்ரூரோ தமிழன்:

நான் இங்கிலாந்தில் கார்ன்வாலில் இருக்கிறேன், வாரம் இரண்டு நாள் சர்ஃபிங் போகிறவன். அலைப்பித்தன் கேட்ட அதே கேள்வியை இங்கே ஒரு குழு நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தத் திரி முழுமையாகாது.

எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்தது, பெயரே வேடிக்கை, ‘பீச் பம் சர்வே’. பம் என்றால் கடற்கரையே கதி என்று கிடக்கிறவன் என்றும் அர்த்தம், பின்பக்கம் என்றும் அர்த்தம். ஏன் அந்தப் பெயர் என்றால், கலந்துகொண்டவர்கள் தாங்களே தங்கள் ஆசனவாயில் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்து அனுப்ப வேண்டும். மாதத்துக்கு மூன்று தடவையாவது அலையில் போகிற 143 பேர், கடலுக்கு அதிகம் போகாத 130 பேர். பாதிப்பேரை அவர்களே பிடித்துக் கொடுத்தார்கள், ‘உன் சர்ஃபிங் போகாத சிநேகிதனையும் அழைத்து வா’ என்கிற கணக்கில். எந்த முகத்தோடு போய் அதைக் கேட்டிருப்பார்கள் என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

2018 ஜனவரியில் முடிவு வெளிவந்தது. செஃபோடாக்சிமுக்கு அடங்காத ஈ.கோலை குடலில் இருந்தவர்கள், அலையில் போகிறவர்களில் 13 பேர், போகாதவர்களில் 4 பேர். அதாவது 9 சதவீதம், 3 சதவீதம். பெட்ரி தட்டு சொன்ன பிட் மாதிரி கைமாறக்கூடிய மரபணுவை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் நான்கு மடங்கு. காரணம் எளிது, அலையில் விழுந்து எழுகிறவன் சாதாரணமாக நீந்துகிறவனை விடப் பத்து மடங்கு கடல் நீரை விழுங்குகிறான் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. நானே ஒரு காலையில் எத்தனை மிடறு குடித்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த 13 பேரும் நோயாளிகள் இல்லை. நன்றாக இருந்தார்கள். குடலில் குடியிருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்குச் சிறுநீர்ப் பாதையில் தொற்று வந்தால், அல்லது வயிற்றில் ஆபரேஷன் நடந்தால், அப்போதுதான் அது யார் என்று தெரியும்.

அதே குழு அதற்கு முன்னால் இங்கிலாந்து, வேல்ஸ் கடற்கரை நீரில் இருந்த ஈ.கோலையில் எவ்வளவு பங்கு மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரினுக்கு (செஃபோடாக்சிம் சேர்ந்த மருந்துக் குடும்பம்) அடங்காதது என்று பார்த்ததில் கிடைத்தது 0.12 சதவீதம்தான். இவ்வளவு குறைவாக இருந்துமே குடலில் அந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. இங்கேயும் கடல் ஒன்றும் பன்னீர் இல்லை, பெருமழை பெய்தால் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் நிரம்பி, வழிந்து, சுத்திகரிக்காமலே கடலில் திறந்துவிடப்படும். ஒரே வித்தியாசம், எந்தக் கடற்கரையில் இன்று திறந்துவிட்டார்கள் என்று போனில் எச்சரிக்கை வருகிறது, பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொள்வோம்.


அலைப்பித்தன்:

9க்கு 3 என்றால் மூன்று மடங்கு. அப்படியானால் நம் ஊரில் அதை விட மோசம்தானே? கடலும் மோசம், எதிர்ப்பும் அதிகம். வீட்டில் இதைக் காட்டினால் போர்டை விற்றுவிடச் சொல்வார்கள்.


பெட்ரி தட்டு:

அவசரப்படாதீர்கள், இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஊர்க்குருவிக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்ததற்குக் காரணம், கடலுக்குப் போகாதவர்களின் குடல் சுத்தமாக இருந்தது. 130 பேரில் 4 பேர். வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டு மை விழுந்தால் தூரத்தில் இருந்தே தெரிகிறது அல்லவா, அந்த மாதிரி. நம் நாட்டில் நோயே இல்லாத ஆட்களைச் சோதித்த ஆய்வுகள் பலவற்றில் பாதிக்கு மேற்பட்டவர்களின் குடலில் ஈஎஸ்பிஎல் பாக்டீரியா இருந்திருக்கிறது. என் லேப்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்கள் ஆறு பேர் விளையாட்டாக எங்களையே சோதித்துப் பார்த்தோம், நாலு பேருக்கு இருந்தது. நான் அதில் ஒருத்தி. எனக்கு நீச்சலே தெரியாது, கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தது இல்லை. குடிநீர், கீரை, கோழி, ஆஸ்பத்திரி, அக்கம்பக்கம், வந்த வழி எதுவென்று யாருக்குத் தெரியும்.

அதனால் கோவளத்தில் இருநூறு சர்ஃபர்களையும் அவர்களுடைய சிநேகிதர்களையும் அதே மாதிரி சோதித்தால் இரண்டு பக்கமும் எண்ணிக்கை உயரமாகவே வரும், கடலின் பங்கு அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். கடல் சுத்தம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஏற்கெனவே வேட்டி முழுக்க மை. ராயபுரத்தில் ஒருத்தனுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று ஊர்க்குருவி சொல்வதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது சார், ஆனது எதுவும் கடலின் பேரில் எழுதப்பட்டிருக்காது. மாமாவுக்குச் சர்க்கரைப் புண் ஆறவில்லை, அத்தைக்குச் சிறுநீரில் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது, ஊசி மாற்றினார்கள், என்று வேறு வேறு பேரில் போயிருக்கும்.

2010 கதைக்கு வருகிறேன். என்டிஎம்-1 (என்டி என்பது நியூ டெல்லி) என்ற அந்த நொதி மெரோபெனம் மாதிரிக் கடைசி வரிசை மருந்தையே உடைப்பது. பெயரில் டெல்லியை நுழைத்தது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் ‘வெள்ளைக்காரன் கிளப்பியது’ என்பது முழு உண்மை இல்லை. லான்செட் தொற்றுநோய் இதழில் 2010ல் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர். அதில் சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் இருந்தது. மறு வருடம் டெல்லியில் தெருவில் தேங்கிய நீரில் 171 மாதிரி எடுத்ததில் 51ல் அந்த மரபணு, குழாய்த் தண்ணீரில் 50க்கு 2. அப்புறம் ரியோ. 2016 ஒலிம்பிக்ஸ் நேரத்தில் அங்கே படகுப்போட்டி நடக்க இருந்த குவானபாரா விரிகுடாவிலும், கோபகபானா, இபனேமா கடற்கரைகளிலும் கார்பபெனம் (மெரோபெனம் சேர்ந்த குடும்பம்) மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாவைக் கண்டுபிடித்துச் சொன்னது பிரேசில் ஆய்வாளர்களே, அந்நியர்கள் இல்லை. மருத்துவமனைக் கழிவு உட்பட ஊர்ச் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் விரிகுடாவில் கலந்ததுதான் அங்கேயும் காரணம். சொன்ன ஆளைத் திட்டித் தண்ணீர் சுத்தமான ஊர் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

மனிதர்களை விடுங்கள், அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் இந்தியன் ரிவர் லகூன் என்ற காயலில் 2003ல் இருந்து 2015 வரை 171 டால்பின்களிடம் இருந்து 733 பாக்டீரியா மாதிரிகளைப் பிரித்தார்கள். 88.2 சதவீதம் ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக்குக்காவது அடங்கவில்லை. டால்பினுக்கு யாரும் மாத்திரை சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

ஒரே ஒரு திருத்தம் என் முதல் பதிவுக்கு. எதிர்ப்பு கடலில் உருவாவது இல்லை என்று எழுதினேன், அது ரொம்ப எளிமைப்படுத்தியது. சிப்ரோஃப்ளாக்சசின் முழுக்க முழுக்க மனிதன் லேப்பில் செய்த மருந்து, இயற்கையில் கிடையாது. அதிலிருந்து பாக்டீரியாவைக் காப்பாற்றுகிற க்யூஎன்ஆர்-ஏ என்ற மரபணு எங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது என்று தேடிப்போனபோது, ஷெவனெல்லா ஆல்கே என்ற கடல் பாக்டீரியாவின் குரோமோசோமில் அது சாதுவாக உட்கார்ந்திருந்தது. அங்கே அதற்கு வேறு ஏதோ வேலை இருந்திருக்க வேண்டும். நாம் அனுப்புகிற சாக்கடை அந்த மாதிரி மரபணுக்களுக்கு வண்டி பிடித்துக் கொடுத்து ஊருக்குள் கூட்டி வருகிறது. போக்குவரத்து இரண்டு பக்கமும் இருக்கிறது.


வேதாரண்யம் பெரியவர்:

தம்பி, நான் படித்தவன் இல்லை, இறால் குட்டையிலும் குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியிலும் இருபத்தைந்து வருஷம் டெக்னீசியன் என்று பெயர் போட்டுக்கொண்டு இருந்தவன். எல்லாரும் சாக்கடையையே சொல்கிறீர்கள், எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் வரி இறால் காலம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் நெல் விளைந்த இடத்தில் எல்லாம் குட்டை வெட்டினார்கள். வெள்ளைப்புள்ளி நோய் வந்தது, ஒரே வாரத்தில் குட்டை காலி. அது வைரஸ், ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது, இன்று இது எனக்குத் தெரியும். அன்று தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை. மருந்து விற்கிறவன் மோட்டார் சைக்கிளில் வருவான், வாளியில் தீவனத்தோடு எண்ணெய் விட்டுப் பொடியைப் பிசைந்து போடுவோம், கையெல்லாம் மஞ்சள் ஒட்டும். ஆக்ஸிடெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால், எது கிடைத்ததோ அது. இறால் தின்றது பாதி, மிச்சம் தண்ணீரில். அறுவடை அன்று மதகைத் திறந்தால் எல்லாம் ஓடை, ஓடையில் இருந்து கடல்.

ஹேச்சரியில் இன்னொரு சங்கதி. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டியைப் பார்ப்போம். குஞ்சுகள் நீலப் பச்சையாக மினுமினுவென்று ஒளிவிட்டால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. பார்க்க தீபாவளி மத்தாப்பு மாதிரி அழகாக இருக்கும், விடிவதற்குள் அடியில் வெள்ளையாகச் செத்துக் குவிந்திருக்கும். விப்ரியோ என்ற பாக்டீரியா. அதற்கு மருந்து ஊற்றுவோம், முதல் தடவை கேட்கும், இரண்டாவது தடவை அளவைக் கூட்டினால் கேட்கும், நாலாவது தடவை கேட்காது. இந்தப் பெண் தட்டில் பார்த்ததை நாங்கள் தொட்டியில் பார்த்தோம், பெயர்தான் தெரியாது.

1996ல், இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா போட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது, அப்புறம் 2005ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குச் சட்டம், ஆணையம் எல்லாம் வந்தது. குளோராம்பெனிகால், நைட்ரோஃப்யூரான் எல்லாம் தடை. உண்மையில் எங்களைத் திருத்தியது தடையை விட ஏற்றுமதிதான். சரக்கில் மருந்து எச்சம் இருக்கிறதென்று ஐரோப்பாவில் கன்டெய்னரைத் திருப்பிவிட்டான் என்றால் கம்பெனிக்காரன் வந்து எங்கள் சட்டையைப் பிடிப்பான். 2016ல் நம் ஊர் இறால் சரக்கில் பாதியை அவர்கள் நிறுத்திச் சோதிக்க ஆரம்பித்தார்கள், அதற்கு முன்னால் பத்தில் ஒன்றுதான். இப்போது வனாமி என்ற வேறு இறால் இனத்தின் காலம், ப்ரோபயாடிக் என்று நல்ல பாக்டீரியாவை ஊற்றுகிறார்கள். முன்பை விட எவ்வளவோ மேல். ஆனால் அவன் பார்ப்பது இறால் உடம்பில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்றுதான், மதகு வழியாகப் போன தண்ணீரில் என்ன போனது என்று எந்தக் கன்டெய்னரும் திரும்பி வந்து சொல்லாது.


மாத்திரைக் கடை:

பெரியவர் உண்மையைச் சொன்ன பிறகு நானும் சொல்லாவிட்டால் தப்பு. மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன், ஊர் வேண்டாம். "சளி, ரெண்டு அசித்ரோமைசின் குடுங்க" என்று கேட்டு தினமும் ஆள் வருகிறார்கள். இரண்டு. மூன்று நாளுக்கு மூன்று கூட இல்லை, காசு கணக்கு. 2014ல் இருந்து மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின், மெரோபெனம் எல்லாம் எச்1 பட்டியலில் இருக்கிறது, சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது, நோயாளி பெயர், டாக்டர் பெயர் நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். என் நோட்டு ஒழுங்காக இருக்கிறது. அதில் இல்லாத மாத்திரைகளுக்கு நான் எத்தனை தடவை இல்லை என்று சொன்னேன் என்று கேட்காதீர்கள். இல்லை என்றால் எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு அடுத்த மாதம் சர்க்கரை மாத்திரையையும் அங்கேயே வாங்குவார்கள்.

காலாவதியான சரக்கைப் பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சிரப்பைச் சிங்கில் ஊற்றுகிறார்கள். சிங்க் எங்கே போகிறது என்று மேலே படித்துவிட்டீர்கள்.


அலைப்பித்தன்:

எல்லாருக்கும் நன்றி. பெரியவர் ஐயா, அந்த ஒளிவிடுகிற தொட்டி இரண்டு நாளாகக் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பெட்ரி தட்டு அக்கா, கடைசியாக இரண்டு கேள்வி. ஒன்று, நான் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்? இரண்டு, கோவளத்துக்கு 2021ல் நீலக்கொடி என்ற சர்வதேசக் கடற்கரைச் சான்று கொடுத்தார்களே, தண்ணீரைச் சோதித்துத்தானே கொடுத்திருப்பார்கள்?


பெட்ரி தட்டு:

நீலக்கொடிக்குத் தண்ணீரைச் சோதிப்பது உண்மை. ஆனால் எதைச் சோதிக்கிறார்கள் என்று பாருங்கள். நம் நாட்டு விதியில் குளிக்கிற கடல் நீருக்கு 100 மில்லிக்கு 100 மலக்கோலிஃபார்ம் (மலத்தில் இருந்து வருகிற ஈ.கோலை வகைப் பாக்டீரியா) என்பது வரம்பு. அது தலைகளை எண்ணுகிற கணக்கு. அந்த நூறில் எத்தனை செஃபோடாக்சிமுக்கு அடங்காதது என்று யாரும் கேட்பதில்லை, ஐரோப்பிய விதியிலும் அந்தக் கேள்வி கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2021ல் ‘ட்ரைசைக்கிள்’ என்று ஒரு முறையை வெளியிட்டது, மனிதர், உணவு விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றிலும் ஈஎஸ்பிஎல் ஈ.கோலையை மட்டும் ஒரே மாதிரி எண்ணுவது. பெரிய மெஷின் வேண்டாம், எங்கள் மாதிரி சாதாரண லேப்பிலேயே முடியும். அது விதிக்குள் வந்தால்தான் உங்கள் கேள்விக்கு யாராவது பதில் வைத்திருப்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. பெருமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாளாவது இறங்காதீர்கள், கலங்கல் தெளியாவிட்டால் அதற்கு மேலும். வடகிழக்குப் பருவத்தில் நம் கரையோர நீரோட்டம் வடக்கே இருந்து தெற்கே போகும், சென்னை ஆறுகள் துப்புவது உங்கள் பக்கம்தான் வரும், வழியில் நிறைய நீர்த்துப்போகும் என்றாலும். அதை விட முட்டுக்காடு முகத்துவாரம் உங்களுக்குக் கிட்டே இருக்கிறது, அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்த புண்ணோடு இறங்காதீர்கள். உள்ளே கிழிபட்டால் உடனே வெளியே வந்து குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவுங்கள், பாட்டி சொன்னது சுத்தமான நீரில் கல்லுப்பு கரைத்த தண்ணீராக இருந்திருக்கும். டிடி (டெட்டனஸ்) ஊசி பாக்கி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீர் போனால் துப்புங்கள்.

ஒன்று மட்டும் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். கடலில் பட்ட காயம் சில மணி நேரத்தில் தாங்க முடியாத வலியோடு சிவந்து பரவினால், கொப்புளம் கட்டினால், காய்ச்சல் வந்தால், கிளினிக் மாத்திரைக்குக் காத்திருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், கடலில் பட்ட காயம் என்று வாய் திறந்து சொல்லுங்கள். விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று ஒன்று இருக்கிறது, இது கடலோர உப்பு நீரையே ஊராகக் கொண்டது, சாக்கடை தேவையில்லை. கல்லீரல் நோயோ சர்க்கரையோ இருக்கிறவர்களை ஓரிரண்டு நாளிலேயே சாய்த்துவிடும். அரிது, ஆனால் அது நேரம் கொடுக்காது.

போர்டை விற்க வேண்டாம்.


அலைப்பித்தன்:

போர்டு பிழைத்தது. அக்கா, ஒரு ஆசை. மழைக்கு முன்னால் ஒரு பாட்டில், மழைக்குப் பின்னால் ஒரு பாட்டில் கடல் தண்ணீர் கொண்டுவந்தால் அந்த வில்லை வைத்துப் பார்ப்பீர்களா? எங்கள் பேட்சில் எட்டுப் பேர் காசு போட்டுக்கொள்கிறோம். ஐஸ் பெட்டிக்கு மீன்காரக்காவிடம் சொல்லி வைத்துவிட்டேன், தண்ணீர் பாட்டிலும் இருக்கிறது.


பெட்ரி தட்டு:

மேலதிகாரியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், அநேகமாக ஞாயிற்றுக்கிழமை முடியும். மீன்காரக்கா பெட்டி வேண்டவே வேண்டாம், அதில் இருக்கிற விப்ரியோவைத்தான் நான் எண்ணிக்கொண்டிருப்பேன். தண்ணீர் பாட்டிலும் வேண்டாம், ஸ்டெரைல் பாட்டில் நான் தருகிறேன். இடுப்பளவு ஆழத்துக்குப் போய், மேல்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, அலை வருகிற பக்கம் வாயை வைத்துத் திறந்து நிரப்பி அங்கேயே மூடுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் என் கைக்கு வர வேண்டும், ஓ.எம்.ஆர். டிராஃபிக்கையும் அதில் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.